வைஸ் பூட்டியவர் பெயர்

எங்கள் உத்யம்பாக் தொழிற்பேட்டையில் வருஷத்துக்கு ஒன்றரை நாள் யார் கையிலும் அளவு கிடையாது. கண்டே நவமி என்கிற ஆயுத பூஜை நாள் காலையில் டயல், மைக்ரோமீட்டர், வெர்னியர், இரும்பு ஸ்கேல் வரைக்கும் அளக்கிற சாமான் அத்தனையையும் துடைத்து அம்மன் முன்னால் அடுக்கிவிடுவோம். அதற்கப்புறம்தான் மிஷின்களைக் கழுவி, விபூதிப் பட்டை போட்டு, குங்குமம் வைப்பது. மறுநாள் தசரா சாயங்காலம், ஒருவருக்கொருவர் வன்னி இலை கொடுக்கிற நேரம் வரை அந்தச் சாமானை யாரும் தொடக்கூடாது. தொட வேண்டிய அவசியமும் வராது, எல்லாப் பட்டறையும் பூட்டித்தான் கிடக்கும்.

என் பெயர் கஸ்தூரி. பசலிங்கப்பா சாவ்காரின் பட்டறையில் பதினோரு வருஷமாகச் சரக்கைச் சோதித்துத் தாளில் கையெழுத்துப் போடுகிறவள். ஆறு மிஷின், ஒன்பது ஆண்கள், நான் ஒருத்தி. அவர்கள் செய்வதில் குற்றம் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம் என்பதால் என்னை அங்கே யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காது. எனக்கும் அவர்களைக் கண்டால் மனசு ஒன்றும் துள்ளுவதில்லை. ஈரப்பா மட்டும் வேறு. அவன் என் கொழுந்தன், அண்ணி என்பதை எங்கள் பக்கத்து வழக்கப்படி வைனி என்று கூப்பிடுவான். ஒரே வீடு, ஒரே அடுப்பு.

மில்லிங் மிஷினில் ஈரப்பாவின் கை தங்கம், வாய் சாக்கடை. இரண்டு பட்டறையில் வேலை போனது. இரண்டாவது இடத்தில் சூப்பர்வைசரை அறைந்துவிட்டு வந்தான். அந்த வாரமே அவன் பெண்டாட்டி நீலவ்வா குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோகாக்கில் இருக்கிற அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். மாமனார் கண்டிப்பான ஆள். ஆறு மாசம் ஒரே இடத்தில், ஒரு புகார் இல்லாமல் வேலை பார்த்துக் காட்டட்டும், தீபாவளிக்கு மகளை அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டார். அவனை உள்ளே சேர்க்க உத்யம்பாக்கில் ஒருத்தரும் தயாராக இல்லை. நான்தான் சாவ்கார் முன்னால் போய் நின்றேன். "இவன் தப்புப் பண்ணா என்னையும் சேர்த்து வெளியே தள்ளுங்க" என்று பெரிய இவளாட்டம் சொன்னேன். தசரா வந்தபோது ஐந்து மாசம் முடிந்திருந்தது. அவன் சுவரில் தேதி கிழித்துக்கொண்டிருந்தான்.

தசராவன்று காலை ஒன்பது மணிக்குச் சாவ்கார் போன் பண்ணினார். நாங்கள் இரண்டு பேரும் போனபோது அவர் பட்டு வேட்டியோடு பட்டறை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"புனேக்காரன் காலையிலேருந்து உயிரை எடுக்கிறான். அவனுக்கு லைன் நின்னு போச்சாம். அந்த அறுபது கட்டையும் இன்னிக்கு ராத்திரி எட்டு மணி வண்டியில ஏறணுமாம். ஏறலேன்னா இனிமே எல்லா வேலையும் கோலாப்பூருக்குக் குடுத்துடுவானாம்."

"தசராவுக்கு மிஷின் ஓட்டறதா?" என்றேன்.

"அதுக்குத்தான் தேங்காய் உடைச்சு மிஷின்கிட்ட மன்னிப்புக் கேட்டாச்சு. அவங்க ஊர்ல தசரா இல்லியா, அவனுக்கு அம்மா அப்பா இல்லியான்னு நீ கேளு, நான் கேட்டாச்சு."

புனே கம்பெனிக்காகச் செய்கிற அந்த இரும்புக் கட்டைகளில் மற்ற வேலையெல்லாம் பண்டிகைக்கு முன்பே முடிந்துவிட்டது. ஒவ்வொன்றிலும் நூறு மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு காடி, ஒரு நேர்ப் பள்ளம், வெட்டுவதுதான் பாக்கி. காடியின் சுவர் கட்டையின் முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இருபது மைக்ரானுக்கு மேல் வித்தியாசம் கூடாது. ஒரு தலைமுடியே எழுபது மைக்ரான் தடிமன் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈரப்பா மிஷினைப் பார்த்தான். கழுவுவதற்காக முந்தின நாள் கழற்றிய வைஸை, கட்டையை இறுக்கிப் பிடிக்கிற அந்தப் பிடியை, மிஷின் மேசைமேல் சும்மா தூக்கி வைத்து, பூமாலை போட்டிருந்தார்கள். போல்ட்டு கையால் திருகிய அளவில்தான் இருந்தது. அந்த வைஸ் பழசு. மேசையின் பள்ளத்தில் உட்கார்ந்து நேராக நிற்க அடியில் இருக்க வேண்டிய சாவிக்கட்டை எப்போதோ உடைந்து போனது. அதனால் கழற்றி மாட்டும்போதெல்லாம் டயல் வைத்துத்தான் நேர்படுத்த வேண்டும். டயலின் முள்ளை வைஸின் அசையாத தாடையில் தொடவிட்டு, மேசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓட்டுவான். முள் நகர்ந்தால் வைஸ் கோணல். செம்புச் சுத்தியால் செல்லமாக ஒரு தட்டு, மறுபடி ஓட்டு, மறுபடி தட்டு. முள் அசையாமல் நின்றால்தான் போல்ட்டை முறுக்குவான், முறுக்கிய பிறகும் ஒருதரம் பார்ப்பான். தாடை கோணலாக இருந்தால் அதில் பிடிக்கிற அத்தனை கட்டையிலும் காடி அதே கோணலில் ஓடும்.

"டயல் வேணும், சாவ்கார்" என்றான்.

சாவ்காரின் முகம் மாறிவிட்டது. "டயல் அம்மா முன்னால இருக்கு."

"தெரியும். பத்து நிமிஷம் போதும்."

"மிஷின் வயித்துக்கு ஓடுது, அதை அம்மா மன்னிப்பா. அவ முன்னால வெச்சதை நடுவுல எடுத்தா மன்னிக்க மாட்டா. நாலு வருஷம் முன்னாடி என் தம்பி ஏதோ அவசரம்னு ஒரு மைக்ரோமீட்டரை எடுத்தான். ஒன்பதாம் நாள் கித்தூர் ரோட்டுல லாரிக்கு அடியில கெடந்தான். நீ பாத்தியா, நான் பாத்தேன். எத்தனை வருஷமா வைஸ் மாட்டற? கண்ணு இல்ல? கை இல்ல?"

எனக்கு அந்த ஆளைப் பைத்தியக்காரன் என்று சொல்ல வாய் வரவில்லை. தம்பியைப் பொறுக்கி எடுத்து மூட்டை கட்டிக் கொண்டுவந்தவர் அவர். அவர் பயம் வாங்கின பயம் இல்லை, பட்ட பயம். ஆனால் ஈரப்பாவின் தலைமேல் அதை இறக்கி வைத்துவிட்டு, பூஜை இருக்கிறதென்று வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். போகும்போது அம்மன் இருக்கிற கேபினைப் பூட்டிச் சாவியை என் கையில் கொடுத்தார். "வேற யாரையும் நம்ப மாட்டேன், கஸ்தூரி" என்றார்.

அவர் நம்பினவளின் லட்சணத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். எனக்கு அன்றைக்கு இரண்டாம் நாள். வீட்டில் கலசம் வைத்திருந்ததால் மாமியார் என்னைப் பின்கட்டில் தனியாக உட்கார வைத்திருந்தாள். பட்டறைக்கு வந்ததே தப்பு. அம்மன் அறையின் சாவியைக் கையில் வாங்கியது அதைவிடப் பெரிய தப்பு. வேண்டாம் என்றால் காரணம் கேட்பார். ஆண்களிடம் அதைச் சொல்லிப் பழக்கமில்லை. வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். அது இடுப்பில் நெருப்பாகச் சுட்டது.

ஈரப்பா முதலில் பக்கத்துப் பட்டறைகளுக்கு ஓடினான். அரை மணி கழித்து வெறுங்கையோடு வந்தான்.

"இந்த ஏரியாவுல இருக்கற டயல் அத்தனையும் சாமி கும்பிடுது" என்றான். "வாட்ச்மேனுங்க என்னைத் திருடனைப் பாக்கற மாதிரி பாக்கறாங்க."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"வைனி, சாவி உங்ககிட்டத்தானே இருக்கு?"

"இருந்தா?"

"பத்து நிமிஷம். எடுத்துப் பாத்துட்டு, துடைச்சு, இருந்த இடத்துலயே பூவைப் போட்டு மூடிடறேன். அம்மா என்ன, அளவெடுத்தா வெச்சிருக்கா?"

"வாயை அடக்கு."

"அடக்கறேன். நீங்க கதவை மட்டும் திறங்க. கேள்வி வந்தா நான் உடைச்சேன்னு சொல்லுங்க. வைனி, நான் கெஞ்சி நீங்க பாத்திருக்கீங்களா? இந்த லாட்டு போச்சுன்னா நான் போனேன். நீலா வர மாட்டா."

அவன் கெஞ்சி நான் பார்த்ததே இல்லை. அறை வாங்கின சூப்பர்வைசரிடம்கூட அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. கை முந்தானைக்குப் போனது என்பது உண்மை. அந்தக் கேபின் கதவைத் தீட்டுக் கையால் திறப்பதை நினைத்தேன். எனக்கு ஒரு மகன் இருக்கிறான், லாரி ஓட்டுகிற புருஷன் இருக்கிறான். சாவ்காரின் தம்பியைக் கொண்டுவந்த மூட்டை கண்முன் வந்து நின்றது.

"முடியாது" என்றேன். "தொடக்கூடாதுன்னா தொடக்கூடாது. உனக்குத் தெரிஞ்ச மாதிரி பூட்டு."

"தெரிஞ்ச மாதிரின்னா?"

"எனக்கென்ன தெரியும்? நீதானே பெரிய கைகாரன்."

அவன் என்னை ஒரு கணம் பார்த்தான். நான் சாவ்கார் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்று நினைத்திருப்பான். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது. சாவியை அவன் முன்னால் தரையில் போட்டுவிட்டு வெளியே போய் நின்றிருக்கலாம். அது இன்றைக்குத் தோன்றுகிறது.

அவன் பீடிக் கட்டைச் சுற்றியிருந்த மெல்லிய காகிதத்தைக் கிழித்தான். கட்டர் மாட்டுகிற இடத்தில் ஒரு உருண்டைக் கம்பியைப் பிடித்தான். தாடையின் ஒரு கோடியைக் கம்பிக்கு அருகே கொண்டுவந்து, நடுவில் காகிதத்தை விட்டு இழுத்துப் பார்த்தான். மறுகோடிக்கு மேசையை ஓட்டி அங்கேயும் இழுத்துப் பார்த்தான். இரண்டு பக்கமும் காகிதம் ஒரே பிடியில் சிக்க வேண்டும். விரலில் தெரிவதுதான் அளவு. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தான், தட்டினான், ஓட்டினான், மறுபடி இழுத்தான். ஒன்றே கால் மணி நேரம் அதையே செய்தான். சட்டை நனைந்துவிட்டது. கடைசியில் போல்ட்டை முறுக்கி, முறுக்கிய பிறகும் இழுத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல என் விரலுக்குத் தெரியல" என்றான்.

புனேக்காரன் கொடுத்த கேஜ் ஒன்று எங்களிடம் இருந்தது. அது எங்கள் சாமான் இல்லை என்பதால் பூஜைக்குப் போகவில்லை. அது காடியின் அகலத்தையும் ஆழத்தையும் சொல்லும், கோணலைச் சொல்லாது. ஒவ்வொரு கட்டையாக வெட்டி அவன் என் பக்கம் தள்ள, நான் கேஜைப் போட்டேன். எல்லாம் கச்சிதம். மத்தியானம் நான் கொண்டுபோன ரொட்டியை அவன் தொடவில்லை. முப்பதாவது கட்டைக்குப் பிறகு கொஞ்சம் தெளிந்தான்.

"அம்மா கண்ணைத் திறந்துட்டா போல, வைனி. தீபாவளிக்கு நீலா வந்ததும் உங்களுக்குக் கோகாக் கரதண்டு மிட்டாய், ரெண்டு பொட்டி."

"முதல்ல வேலையைப் பாரு. எனக்கிருக்கிற பல்லுக்கு ரெண்டு பொட்டி எதுக்கு?"

ஐந்தரை மணிக்கு அறுபதாவது கட்டை இறங்கியது. ஆறு மணிக்குச் சாவ்கார் வன்னிக் கிளையோடு வந்தார். பின்னாலேயே நாலைந்து ஆட்களும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு இலை கொடுக்க வந்தார்கள். நான் சாவியை நீட்டினேன். அவரே ஆரத்தி எடுத்து, அம்மனிடம் உத்தரவு கேட்டு, டயலை எடுத்து வந்தார். கண்ணாடியில் குங்குமம் ஒட்டியிருந்தது. அதைப் புடவைத் தலைப்பால் துடைத்தேன்.

கருங்கல் பலகைமேல் முதல் கட்டையை முதுகு கீழாக நிறுத்தி, காடிச் சுவரில் முள்ளைத் தொடவிட்டு இழுத்தேன். முள் நகர ஆரம்பித்தது. பத்து. இருபது. முப்பது. நாற்பத்தைந்தில் போய் நின்றது. கட்டை அழுக்கோ என்று துடைத்துவிட்டு மறுபடி இழுத்தேன், நாற்பத்தைந்து. இரண்டாவது கட்டை, மூன்றாவது கட்டை, நடுவிலிருந்து ஒன்று, கடைசி ஒன்று. எல்லாவற்றிலும் அதே நாற்பத்தைந்து.

டயல் இல்லாமல், பீடிக் காகிதத்தையும் விரலையும் வைத்து ஒரு மனுஷன் நாற்பத்தைந்து மைக்ரானுக்குள் வைஸைப் பூட்டியிருக்கிறான். தலைமுடியில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. வேறு எவனாலும் முடியாது. ஆனால் வேண்டியது இருபது. அகலம் ஏற்கெனவே முழுசாக வெட்டியாகிவிட்டதால் திருத்தவும் வழியில்லை. அறுபது கட்டையும் குப்பை.

முள்ளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஈரப்பா என் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான், மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

சாவ்கார் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. வெளியே போய்ப் புனேக்காரனோடு அரைமணி நேரம் பேசிவிட்டு வந்தார்.

"ரெண்டு நாள் குடுத்திருக்கான். அடுத்த லாட்டுக் கட்டை தயாரா இருக்கு, அதுல காடி போட்டு அனுப்பணும். கூடவே காரணம் எழுதி அனுப்பணுமாம். தப்புப் பண்ணவன் இனிமே அவங்க சரக்கைத் தொடக்கூடாதாம்." மிஷின்களைப் பார்த்தார். "இங்க அவங்க சரக்கைத் தவிர வேற என்ன இருக்கு?"

ஈரப்பாவுக்குப் புரிந்துவிட்டது. "டயல் கேட்டேன், சாவ்கார்" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

"கேட்டே. நான் இல்லேங்கல. அம்மன் முன்னால இருந்துச்சுன்னு புனேக்காரனுக்கு எழுத முடியுமா? சிரிப்பான்." சோதனைத் தாளை என் முன்னால் தள்ளினார். "எழுது, கஸ்தூரி."

அந்தத் தாளில் மூன்று கட்டம். என்ன குறை. என்ன காரணம். வைஸ் பூட்டியவர் பெயர். முதல் கட்டத்தை எழுதினேன். இரண்டாவதில் பேனா நின்றது. சாவி என்னிடம் இருந்தது, அவன் கேட்டான், நான்தான் மறுத்தேன் என்று சொல்ல வேண்டிய நேரம் அதுதான். சொன்னால் ஏன் மறுத்தாய் என்று கேட்பார்கள். அல்லது கேட்கவே மாட்டார்கள், நல்லது செய்தாய் என்பார்கள். ஐந்து மாசம் முன்னால் என்னையும் சேர்த்துத் தள்ளுங்கள் என்றவள் நான். அதை அங்கே நின்றிருந்த யாரும் நினைவுபடுத்தவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. பையனுக்குப் பத்தாம் வகுப்பு, புருஷன் வீட்டுக்கு வருவதே மாசத்துக்கு நாலு நாள் என்று மனசு கணக்காகப் பேசியது.

"எழுதுங்க, வைனி" என்றான் ஈரப்பா. "நீங்க எழுதலேன்னா வேற யாராவது தப்பு தப்பா எழுதுவான்."

டயல் வைத்துச் சரிபார்க்காமல் வைஸைப் பூட்டிய கவனக்குறைவு என்று எழுதினேன். மூன்றாவது கட்டத்தில் ஈரப்பா துர்கப்பா ஹொசூர் என்று முழுப்பெயரையும் எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டேன்.

அவன் என் மேசையிலிருந்து டயலை எடுத்துக்கொண்டு மிஷினுக்குப் போனான். போல்ட்டைத் தளர்த்தினான். முள்ளைத் தாடையில் தொடவிட்டு மேசையை ஓட்ட ஆரம்பித்தான்.

"இப்ப எதுக்குடா அது?" என்றார் சாவ்கார்.

"அடுத்து வர்றவன் தடவக்கூடாதுல்ல."

வந்திருந்தவர்கள் இலையைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றார்கள். ஒரு தட்டு, ஓட்டம். இன்னொரு தட்டு, ஓட்டம். மூன்றாவது ஓட்டத்தில் முள் செத்த மாதிரி நின்றது. போல்ட்டை முறுக்கி இன்னொரு தரம் ஓட்டிப் பார்த்தான். எட்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. டயலைத் துடைத்து என் மேசைமேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனான். அவனுக்கு யாரும் வன்னி இலை கொடுக்கவில்லை. அவனும் கொடுக்கவில்லை.

மறுநாள் காலை கோகாக்கிலிருந்து மாமனார் போன் வந்தது. உத்யம்பாக்கில் நடப்பது கோகாக்குக்குப் போக ஒரு ராத்திரி போதும். ஈரப்பா, "சரி மாமா, சரி மாமா" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனை வைத்தான். சுவரில் தேதி அதோடு நின்றுவிட்டது.

அதற்கடுத்த நாள் லேத்தில் இருந்த பரமண்ணாவை மில்லிங்கில் நிறுத்தினார்கள். பரமண்ணா வைஸை நேர்படுத்திப் பழகினவன் இல்லை, டயலைத் தொடவும் இல்லை. கட்டையைத் தாடையில் பிடித்தான், வெட்டினான், இறக்கினான். அறுபதையும் நான் கருங்கல் பலகையில் நிறுத்தி இழுத்தேன். எதிலும் நாலு மைக்ரானுக்கு மேல் முள் நகரவில்லை.

சாவ்கார் பூரித்துப் போனார். பரமண்ணாவின் முதுகில் தட்டினார். "பாத்தியா கஸ்தூரி, நிதானமா பண்ணா இதுதான் வேலை." பரமண்ணா தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

தாளை எடுத்தேன். குறை, இல்லை. காரணம், இல்லை. வைஸ் பூட்டியவர் பெயர் என்கிற கட்டத்துக்கு வந்தபோது சாவ்கார் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். "பரமண்ணான்னு போடு. ஈரப்பா பேரைப் பாத்தா புனேக்காரன் லாட்டையே திருப்பிடுவான்" என்றார்.

சாயங்காலம் வீட்டில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தேன். ஈரப்பா அடுப்படி வாசலில் வந்து உட்கார்ந்தான். இரண்டு நாளாகச் சவரம் செய்யாத முகம்.

"லாட்டு என்னாச்சு, வைனி?"

"அறுபதும் சரி."

"எத்தனை வந்துது?"

"நாலுக்குள்ள."

அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ஐந்து மாசத்தில் நான் அப்படிப் பார்த்ததில்லை. "நாலா!" என்றான். "வைஸ் கொஞ்சம்கூட நகரல, பாத்தீங்களா?" அப்புறம் மெதுவாகக் கேட்டான். "பூட்டினவன்னு யார் பேரு எழுதினீங்க?"

கல்லில் ரொட்டி கருகுகிற வாசனை வந்தது. நான் அதைத் திருப்பாமல் நின்றேன். அவன் என் முகத்தைப் பார்த்தான், ரொம்ப நேரம் பார்க்கவில்லை. தட்டை எடுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டான்.

"சரி, ரொட்டி போடுங்க, வைனி. பசிக்குது" என்றான்.